பட்டறை வாசலில் நிற்கும் பிள்ளைகளுக்கு: வாசகர் கேள்வி பதில்

பள்ளித் தேர்வு முடிவு வந்து, ஐ.டி.ஐ. என்ற தொழிற்பயிற்சி நிலையங்களில் சேர்க்கை நடக்கும் நேரம் இது. கோவை, திருப்பூர், கரூர் பக்கங்களிலிருந்து வந்த கடிதங்களைப் பிரித்துப் பார்த்தால், எல்லாவற்றிலும் அடியில் கிடப்பது ஒரே கவலைதான்: பிள்ளை கம்பெனிக்குப் போனால் போன இடத்திலேயே தேங்கிவிடுமா, மேலே வருமா? லேத் (கடைசல் மெஷின்), பவுண்டரி (இரும்பு வார்க்கும் இடம்), பனியன், மில் என்று அந்தந்தத் தொழிலில் இருப்பவர்களே பதில் எழுதியிருக்கிறார்கள்.

பையன் பத்தாவது பாஸ் பண்ணிட்டானுங்க, மார்க் கம்மி. சொந்தக்காரர் ஒருத்தர் கோவை கணபதியில லேத் பட்டறை வெச்சிருக்கார். "ஐ.டி.ஐ.க்கு ரெண்டு வருசம் எதுக்கு? நாளைக்கே அனுப்புங்க, மாசம் 12 ஆயிரம் தர்றேன்"னு சொல்றார். அனுப்பலாமுங்களா?
- ஒரு தாய், அன்னூர்

இப்போது வேண்டாம் அம்மா. முதல் காரணம் வயது. 18 நிறையாத பிள்ளையை ஆபத்தான வேலையில் வைக்கச் சட்டம் இடம் தருவதில்லை. சொந்தக்காரர் நல்ல மனதோடுதான் கூப்பிடுகிறார் என்றாலும், இரும்பைப் பிடித்துச் சுற்றும் சக்கில் சட்டைக் கை மாட்டினால் சொந்தம் காப்பாற்றாது.

இரண்டாவது காரணம் காகிதம். பட்டறையில் ஐந்து வருடம் நன்றாகத் தொழில் கற்ற பையனுக்கும், அதற்கு அத்தாட்சி இல்லையென்றால் அடுத்த கம்பெனியில் 'ஹெல்பர்' என்றுதான் பெயர் எழுதுவார்கள். ஐ.டி.ஐ. முடித்தால் தேசியத் தொழிற்சான்றிதழ் கையில் இருக்கும். பத்தாவதுக்குப் பிறகு இரண்டு வருட ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரே இரண்டாம் ஆண்டு சேரலாம். டிப்ளமோ முடித்தால் பி.இ. இரண்டாம் ஆண்டுக்குப் போகலாம். மார்க் குறைந்த பிள்ளைக்கு இந்த வழி அடைபடுவதில்லை, கொஞ்சம் சுற்றிப் போகிறது, அவ்வளவுதான். அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பையன் என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். பெண் பிள்ளைக்கு இதுவே புதுமைப் பெண் திட்டம்.

எந்த டிரேடு? பம்பு, மோட்டார், வால்வு, நூற்பு மெஷின் பாகம் என்று உலோகத்தைக் கடைந்தே பிழைக்கும் ஊர் கோவை. டர்னர், மெஷினிஸ்ட், ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் எல்லாம் இரண்டு வருடம். வெல்டர் ஒரு வருடம். 'டூல் அண்ட் டை மேக்கர்' இடம் கிடைத்தால் யோசிக்காமல் சேருங்கள். எதைத் தேர்வது என்று தெரியாத பையனுக்கு ஃபிட்டர் நல்லது. அரம் பிடிப்பதையும் மட்டம் பார்ப்பதையும் பழசு என்று இளைஞர்கள் ஒதுக்குகிறார்கள். ஆனால் பம்பையும் மோட்டாரையும் ஒரே நேர்கோட்டில் உட்காரவைக்கத் தெரிந்த ஃபிட்டருக்கு அசெம்பிளியிலும் மெயின்டனன்சிலும் எப்போதும் இடம் உண்டு.

சேர்க்கும் முன் அந்த ஐ.டி.ஐ.யின் ஒர்க் ஷாப்புக்குள் போய் லேத்துக்கு அடியில் இருக்கும் டிரேயைப் பாருங்கள். பளபளப்பான இரும்புச் சுருள் கிடந்தால் மெஷின் ஓடுகிறது. துருவேறிய தூளும் தூசியும் கிடந்தால் பிள்ளைகள் நோட்டில் மட்டும் லேத் ஓட்டுகிறார்கள். தனியார் நிறுவனம் என்றால், தரும் சான்றிதழ் மேலே சொன்ன தேசியத் தொழிற்சான்றிதழா என்று கேட்டு, எழுத்தில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

சொந்தக்காரரையும் விட்டுவிடாதீர்கள். லீவு நாளில் பையன் அங்கே போய், மெஷினைத் தொடாமல், வெர்னியர், மைக்ரோமீட்டர் என்ற அளவுக் கருவிகளைப் பிடிக்கப் பழகட்டும். அந்தப் பழக்கம் இரண்டு வருடம் கழித்து 12 ஆயிரத்தைவிட அதிகம் தரும்.

கம்ப்யூட்டர் புரோகிராமில் ஓடும் சி.என்.சி. டர்னிங் மெஷினில் ஒன்றரை வருடமாக ஆபரேட்டர். ஜாப்பை (கடைய வேண்டிய துண்டை) மாட்டுவேன், கதவைச் சாத்துவேன், பச்சை பட்டனை அமுக்குவேன். அவ்வளவுதான் வேலை. ஒவ்வொரு ஜாப்புக்கும் மெஷினைத் தயார் செய்யும் செட்டர் ஆக வேண்டும். மூன்று மாத புரோகிராமிங் கோர்ஸ் ஒன்றுக்கு 18 ஆயிரம் கேட்கிறார்கள். சேரலாமா?
- ஓர் இளைஞர், குறிச்சி

கோர்ஸ் அப்புறம் இருக்கட்டும் தம்பி. உங்களுக்கும் செட்டருக்கும் நடுவில் இருப்பது புரோகிராம் அல்ல, அளவு. அளவு ஏன் மாறுகிறது என்று சொல்லத் தெரிந்த அன்றைக்கு நீங்கள் பாதி செட்டர்.

கோவையில் தினமும் ஓடும் ஒரு ஜாப்பையே எடுத்துக்கொள்வோம். மோட்டார் ஷாஃப்ட்டில் 6205 பேரிங் உட்காரும் இடம். பேரிங்கின் உள்விட்டம் 25 மி.மீ. டிராயிங்கில் 'கே 6' என்று அளவு வரம்பின் குறி போட்டிருந்தால் ஷாஃப்ட் 25.002-க்கும் 25.015-க்கும் நடுவில் வர வேண்டும். மொத்த இடம் 13 மைக்ரான், அதாவது 0.013 மி.மீ. தலைமுடியின் தடிமனே 70 மைக்ரான் வாக்கில் இருக்கும். இதை வெர்னியரில் பார்த்து 'ஓகே' போடுவது கண்ணை மூடிக்கொண்டு போடுவதுதான். 0.01 மட்டுமே படிக்கும் சாதாரண மைக்ரோமீட்டரும் போதாது. மைக்ரான் படிக்கும் மைக்ரோமீட்டர் வேண்டும், அல்லது அளவு வரம்புக்குள் இருக்கிறதா என்று மட்டும் காட்டும் ஸ்னாப் கேஜ். மைக்ரோமீட்டர் என்றால் 25-50 அளவுள்ளது, ஏனென்றால் 0-25 மைக்ரோமீட்டரின் அளவு 25-லேயே முடிந்துவிடும். காலையில் ஷிப்ட் ஏறியதும் கூட வரும் 25 மி.மீ. கம்பியை வைத்து ஜீரோ பாருங்கள். நுனியில் 'கிளிக்' என்று நழுவும் ராட்செட்டைத் திருகித்தான் அளக்க வேண்டும். உருளையைக் கையால் இறுக்கினால் ஆளுக்கு ஓர் அளவு வரும்.

அடுத்தது சூடு. இங்கேதான் நல்ல ஆபரேட்டர்களும் சறுக்குகிறார்கள். இரும்பு ஒரு டிகிரி சூட்டுக்கு மீட்டருக்கு சுமார் 12 மைக்ரான் விரியும். மெஷினிலிருந்து எடுத்த ஷாஃப்ட் அறைச் சூட்டைவிட 30 டிகிரி அதிகமாக இருந்தால், 25 மி.மீ. விட்டத்தில் 9 மைக்ரான் கூடுதலாகக் காட்டும். கையில் சுடச்சுட 25.008 என்று படித்து, 'நடு அளவு, பிரமாதம்' என்று ட்ரேயில் போடுகிறீர்கள். அரை மணி நேரம் கழித்து அது 24.999. பேரிங் லூஸ். உள்வளையம் ஷாஃப்ட்டில் மெல்ல நழுவிச் சுற்றும், தேயும், சத்தம் வரும், ஆறு மாதத்தில் மோட்டார் விவசாயி வீட்டிலிருந்து திரும்பி வரும். ஆகவே ஜாப்பைத் துடைத்து, ஆறவிட்டு அளங்கள். ஆறவிட நேரமில்லாத ஓட்டம் என்றால், ஒரே ஜாப்பைச் சூட்டில் ஒரு முறை, ஆறிய பின் ஒரு முறை அளந்து, வித்தியாசத்தை எழுதி மெஷின் கதவில் ஒட்டிவையுங்கள்.

மூன்றாவது, வேர் ஆஃப்செட். டூல் தேய்வதற்கு ஏற்ப அளவைத் திருத்த மெஷினில் போடும் எண் அது. ஃபானுக் கம்பெனியின் கன்ட்ரோலில் எக்ஸ் அளவை விட்டமாகத்தான் போடுவார்கள். ஆறிய ஜாப் 25.020 வருகிறது, உங்களுக்கு 25.008 வேண்டும் என்றால் மைனஸ் 0.012. அதைத் தட்டிவிட்டு '+இன்புட்' என்ற கீயை அமுக்க வேண்டும். வெறும் 'இன்புட்' அமுக்கினால் ஏற்கெனவே இருந்த மதிப்பு அழிந்து, புது எண் மட்டும் நிற்கும். அங்கே முன்பே மைனஸ் 0.085 இருந்திருந்தால் அடுத்த ஜாப் 25.093 வரும், திரும்பக் கடைந்து காப்பாற்றலாம். பிளஸ் 0.060 இருந்திருந்தால் 24.948 வரும், அது நேரே ஸ்கிராப் தொட்டிக்கு. புள்ளியையும் மறக்காதீர்கள். புள்ளி இல்லாமல் 12 என்று அடித்தால் ஒரு மெஷின் அதை 12 மைக்ரான் என்று எடுக்கும், இன்னொரு மெஷின் 12 மில்லிமீட்டர் என்று எடுக்கும். ஆஃப்செட் மாற்றும் முன் பழைய மதிப்பைத் தாளில் எழுதுங்கள், மாற்றிய பின் திரையை ஒரு தடவை வாய்விட்டுப் படியுங்கள்.

இனி, அளவு மாறும் விதத்தைக் கவனியுங்கள். ஐம்பது ஜாப்பில் 10 மைக்ரான் என்று மெதுவாக ஏறினால் இன்சர்ட் (டூலில் மாட்டும் வெட்டுத் துண்டு) முனை தேய்கிறது. திடீரென்று ஒரே ஜாப்பில் துள்ளினால் முனை உடைந்திருக்கும், அல்லது டூல் லூஸ். ஒன்று கூட, ஒன்று குறைய என்று முன்பின்னாக ஆடினால் இன்சர்ட்டைக் குறை சொல்லாதீர்கள். சக்கின் பிடியான ஜாவில் இரும்புச் சிப்ஸ் மாட்டியிருக்கிறதா, சக் பிரஷர் இறங்கியதா என்று பாருங்கள். ஒரு முனையில் ஓர் அளவு, மறு முனையில் வேறு அளவு என்றால் ஜாப்பின் மறு முனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக் நேர்கோட்டில் இல்லை. இதையெல்லாம் தேதியோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். இன்டர்வியூவில் சான்றிதழைவிட அந்த நோட்டுக்கு மரியாதை கிடைக்கும்.

பிறகுதான் செட்டிங். ஜாப்புக்கு ஏற்பக் கடைந்துகொள்ளும் சாஃப்ட் ஜாவைப் போர் செய்யும்போது (உட்பக்கம் கடையும்போது) ஜாவின் வாய்க்கு வளையம் கொடுத்து, ஜாப்புக்கு வைக்கும் அதே பிரஷரில் இறுக்கிப் போர் செய்ய வேண்டும். வளையம் இல்லாமல் கடைந்தால் ஜாவின் ஆட்டம் அப்படியே தங்கி, ஜாப் மையம் விலகிச் சுற்றும், அதாவது ரன் அவுட் வரும். மெல்லிய புஷ் போன்ற ஜாப்புக்கு பிரஷர் அதிகம் வைத்தால் மெஷினுக்குள் வட்டமாக இருக்கும், வெளியே எடுத்ததும் முட்டையாகிவிடும்.

புரோகிராமை ஓட்டும்போதே வரி வரியாகப் படியுங்கள். 'ஜி 96' இருந்தால் விட்டம் குறையக் குறைய ஸ்பிண்டில் வேகம் கூடும். முகப்பைக் கடையும் ஃபேசிங்கில் டூல் நடுமையத்தை நெருங்கும்போது வேகம் உச்சத்துக்குப் போகும், ஜாவின் பிடி தளரும், ஜாப் கதவில் வந்து அடிக்கும். அதைத் தடுக்கத்தான் முன்னால் 'ஜி 50' போட்டு உச்ச வேகத்துக்கு வரம்பு கட்டுகிறார்கள். அந்த வரி இல்லாத புரோகிராமைப் பார்த்தால் ஓட்டாதீர்கள், செட்டரைக் கூப்பிடுங்கள். இன்சர்ட் பெட்டியில் இருக்கும் 'சி.என்.எம்.ஜி. 120408' என்பதும் படிக்கக் கூடியதுதான்: முதல் எழுத்து 80 டிகிரி வடிவம், கடைசி 08 என்பது முனை ஆரம் 0.8 மி.மீ. ஃபினிஷ் சரியில்லை என்று டூல் நகரும் வேகமான ஃபீடைக் குறைக்கும் முன் அந்த ஆரத்தைப் பாருங்கள்.

ஆறு மாதம் இப்படி நடந்த பிறகு கோர்ஸில் சேருங்கள், மெஷின் வைத்திருக்கும் இடமாகப் பார்த்து. கம்ப்யூட்டர் திரையில் மட்டும் ஓட்டிக்காட்டும் இடத்துக்கு 18 ஆயிரம் அதிகம். இன்னொன்று: ஒரே ஜாப்பை வருடக்கணக்கில் ஓட்டும் பெரிய கம்பெனியில் செட்டிங் மாற்றம் எப்போதாவதுதான் வரும். கணபதி, ஆவாரம்பாளையம், குறிச்சி சிட்கோவில் இருக்கும் சின்ன ஜாப் ஒர்க் பட்டறையில் நாளுக்கு இரண்டு செட்டிங் மாறும். கேண்டீனும் பஸ்ஸும் அங்கே இருக்காது. 25 வயதுக்குள் ஒன்றிரண்டு வருடம் அப்படி ஒரு பட்டறையில் இருப்பது நல்லது என்பதே எங்கள் எண்ணம், பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடிக்கிறார்கள் என்றால்.

மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். திருப்பூர் பனியன் கம்பெனியில் டெய்லராகச் சேர ஆசை. ஷிப்ட் சம்பளமா, பீஸ் ரேட்டா, எது நல்லது?
- ஒரு வாசகர், காங்கேயம்

முதல் வருடம் ஷிப்ட். கை பழகாத பிள்ளை பீஸ் ரேட்டில், அதாவது தைத்த உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலியில், உட்கார்ந்தால் வேகத்துக்குத் தைத்து, தையல் கோணி, ஆல்டர் பீஸ் பிரித்துத் தைப்பதிலேயே பாதி நாள் போகும். கை ஓடத் தொடங்கிய பிறகு பீஸ் ரேட் கணக்குப் பார்க்கலாம். ஆனால் பீஸ் ரேட் என்றால் பெரும்பாலும் கான்ட்ராக்ட்காரரிடம் வேலை. கம்பெனி ரெஜிஸ்டரில் பெயர் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

ஷிப்ட் கணக்கிலும் ஒன்று. திருப்பூரில் எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட், பன்னிரண்டு மணி நேரம் ஒன்றரை ஷிப்ட். அந்தக் கடைசி நாலு மணி நேரத்துக்கு அரை ஷிப்ட் கூலி தந்தால் அது ஒற்றைச் சம்பளம். சட்டப்படி ஓவர்டைமுக்கு இரட்டிப்புத் தர வேண்டும். பழகிப் போனதால் பலர் கேட்பதே இல்லை.

டெய்லருக்கு உதவும் கைமடி வேலையில் தொடங்கி ஓவர்லாக், பிறகு பேட்லாக், சிங்கர் என்று ஒவ்வொரு தையல் மெஷினாகப் பழகட்டும். ஒரே மெஷின் மட்டும் தெரிந்தவருக்கு ஆர்டர் மாறும்போது வேலை குறையும். இரண்டு மெஷின் தெரிந்தவரை லைன் சூப்பர்வைசர் விடமாட்டார். பின்னல் துணிக்கு முனை உருண்ட பால் பாயின்ட் ஊசிதான். கூர் ஊசி போட்டால் நூலை அறுத்துக்கொண்டு போகும். தைத்த அன்று தெரியாது, ஒரு முறை துவைத்ததும் தையல் ஓரத்தில் பொட்டுப் பொட்டாக ஓட்டை விழும். தையல் விட்டு விட்டு விழுந்தால் டென்ஷனைத் திருகும் முன் ஊசி வளைந்திருக்கிறதா, ஊசியை முழுவதும் மேலேற்றி மாட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஊசி உடைந்தால் எல்லாத் துண்டையும் தேடி எடுத்து ஒப்படைக்க வேண்டும். குழந்தை உடுப்பில் ஒரு துண்டு தங்கினால் மொத்தச் சரக்கும் திரும்பிவிடும்.

பிளஸ் டூ படித்த பிள்ளை தையலோடு நிற்க வேண்டியதில்லை. குவாலிட்டி பக்கம் போகலாம். ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பது) பார்ப்பதை ஒரே நாளில் கற்கலாம்: வட்டக் கட்டரில் 100 சதுர செ.மீ. துணி வெட்டி எடை போட்டு, வரும் கிராமை நூறால் பெருக்கினால் ஜி.எஸ்.எம். 1.8 கிராம் என்றால் 180. துணியை ரோலிலிருந்து பிரித்ததும் வெட்டக் கூடாது, தளர விட வேண்டும் என்பதும், விடாமல் வெட்டினால் 'எம்' சைஸ் சுருங்கி 'எஸ்' ஆகிவிடும் என்பதும் இந்த வேலையில் சேர்ந்தது. டெய்லர் மெஷினில் ஒரு வருடம் உட்கார்ந்துவிட்டுக் குவாலிட்டிக்குப் போகும் பெண்ணின் சொல்லுக்கு லைனில் தனி மதிப்பு உண்டு.

எங்கள் ஊருக்கு ஏஜென்ட் ஒருவர் வந்தார். பெண் பிள்ளைகள் மில் ஹாஸ்டலில் தங்கி மூன்று வருடம் வேலை செய்தால், முடிவில் மொத்தமாக ஒரு தொகை தருவார்களாம். கல்யாணத்துக்கு ஆகும் என்கிறார். தங்கைக்கு 17 வயது.
- ஒரு வாசகி, மூலனூர்

அனுப்பாதீர்கள் அம்மணி.

முடிவில் தருவதாகச் சொல்லும் பணம் உங்கள் தங்கை மாதாமாதம் உழைத்துச் சம்பாதித்த கூலி. அதைப் பிடித்து வைத்துக்கொண்டு, மூன்று வருடம் முடித்தால்தான் தருவோம் என்கிறார்கள். இரண்டரை வருடத்தில் உடம்பு முடியாமல் வீட்டுக்கு வந்தால் ஒன்றும் கிடைக்காது. சம்பளம் மாதா மாதம் தரப்பட வேண்டும் என்பதுதான் சட்டம். 'சுமங்கலி' என்ற பெயரில் இது எத்தனை பிள்ளைகளை வாட்டியது என்பது ஊரறிந்த செய்தி. இப்போது பெயரை மாற்றிக்கொண்டு வருகிறது.

எல்லா மில்லும் இப்படி இல்லை. முறையாக நடத்தும் மில்லும் இந்தப் பக்கத்தில் உண்டு. அடையாளம் எளிது: சம்பளம் மாதந்தோறும் பிள்ளையின் பெயரில் இருக்கும் பேங்க் கணக்கில் ஏறும்; பி.எஃப். எண், ஈ.எஸ்.ஐ. எண் தருவார்கள், வாரம் ஒரு நாள் லீவு, செல்போன் கையில் இருக்கும், வேண்டாம் என்றால் அன்றே கிளம்பலாம். ஏஜென்ட் மூலம் போகாமல், 18 முடிந்த பிறகு, வீட்டார் ஒருவர் கூடப் போய் ஹாஸ்டலைப் பார்த்து, அங்கே இருக்கும் பெண்களிடம் தனியாகப் பேசுங்கள். வேலை சைடரா (அறுந்த நூலை இணைப்பவர்), கோன் வைண்டிங்கா (நூலைக் கோனில் சுற்றுவது) என்று கேளுங்கள். பஞ்சுத் தூசிக்கு மாஸ்க் தருகிறார்களா என்று பாருங்கள். லீவு முடிந்து வேலைக்குத் திரும்பும் நாளில் நெஞ்சு இறுகுகிறது என்று பல பேர் சொன்னால், அந்த மில்லில் தூசி அதிகம்.

ஏற்கெனவே போய் மாட்டிக்கொண்ட பிள்ளை யாராவது இருந்தால், 18 வயதுக்குக் கீழ் 1098, பெண்களுக்கு 181. நாளை என்று தள்ளாதீர்கள்.

அப்ரண்டீஸ் என்கிறார்கள், டிரெய்னி என்கிறார்கள். இரண்டும் ஒன்றா?
- ஐ.டி.ஐ. மாணவர், ஈரோடு

இல்லை. அப்ரண்டீஸ் என்றால் 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒப்பந்தம் எழுதி, அரசின் இணையதளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். முடிவில் தேர்வு எழுதினால் தேசிய அப்ரண்டீஸ் சான்றிதழ் வரும். விதியில் சொன்ன உதவித்தொகைக்குக் கீழே தர முடியாது. பி.எஃப். பிடிக்கமாட்டார்கள், அது முறைதான். முடித்த பிறகு வேலை தந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கம்பெனிக்கு இல்லை. 30 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனம் அப்ரண்டீஸ்களை எடுத்தாக வேண்டும், ஆகவே கேட்டுப் போவதில் கூச்சம் வேண்டாம்.

'டிரெய்னி' என்பது கம்பெனி வைத்த பெயர். வேலை முழு ஆள் வேலை, பெயர் மட்டும் டிரெய்னி என்றால் நீங்கள் தொழிலாளி, பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. இரண்டுக்கும் உரிமை உண்டு. ஒப்பந்தப் பதிவு எண்ணைக் கேளுங்கள். காட்டினால் அப்ரண்டீஸ், காட்டாவிட்டால் இல்லை.

கரூரில் பஸ் பாடி கட்டும் இடத்தில் வெல்டராகச் சேர 6ஜி சர்டிபிகேட் எடுக்கணுமா? நிறையச் செலவாகும் என்கிறார்கள்.
- ஓர் இளைஞர், வேலாயுதம்பாளையம்

வேண்டியதில்லை. 6ஜி என்பது சாய்ந்து நிற்கும் பைப்பைச் சுற்றி வெல்ட் செய்யும் தேர்வு. பாய்லர், பிரஷர் பைப் வேலைக்கு உரியது. பஸ் பாடியில் மெல்லிய சதுர ட்யூப். அங்கே கார்பன் டை ஆக்சைடு வாயு விட்டுச் செய்யும் சி.ஓ.டூ. வெல்டிங்கில் ஓட்டை விழாமல், கூடு கோணாமல் வைப்பதுதான் திறமை. ஒரே பக்கமாக முழுக்க வெல்ட் வைத்தால் ஃபிரேம் இழுத்துக்கொள்ளும். முதலில் எல்லா முனையிலும் டேக் (சின்னப் பொட்டு வெல்ட்) வைத்து, மூலைவிட்டம் இரண்டையும் டேப்பில் அளந்து சமம் என்று பார்த்துவிட்டு, எதிரெதிர்ப் பக்கமாக வைக்க வேண்டும். துத்தநாகம் பூசிய ட்யூப் என்றால் வெல்ட் இடத்தில் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டுக் காற்றோட்டத்தில் வேலை செய்யுங்கள். அந்த வெள்ளைப் புகையை இழுத்தால் ராத்திரி குளிர் காய்ச்சல் வரும்.

பவுண்டரியில் நல்ல சம்பளம் என்கிறார்கள். நுரையீரல் கெடும் என்றும் சொல்கிறார்கள். போகலாமா?
- ஒரு வாசகர், அரசூர்

இரண்டும் உண்மை. எந்த பவுண்டரி என்பதில் இருக்கிறது விஷயம்.

நுரையீரலைக் கெடுப்பது கண்ணுக்குத் தெரியும் புகையைவிட, கண்ணுக்குத் தெரியாத சிலிக்கா தூசி. மணல் அச்சான மோல்டை உடைத்துக் காஸ்டிங்கை (வார்த்த பாகத்தை) எடுக்கும் இடத்திலும், கிரைண்டிங்கில் பிசிறு எடுக்கும் இடத்திலும்தான் அது அதிகம். சிலிக்கோசிஸ் வந்தால் திரும்பாது. அந்த இரண்டு இடத்திலும் டஸ்ட் கலெக்டர் ஓடுகிறதா என்று பாருங்கள். வாயில் கர்சீப் கட்டுவது தூசியைத் தடுக்காது. என்-95 மாஸ்க் வேண்டும். வருடம் ஒரு முறை நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கிறார்களா என்று கேளுங்கள்.

உலை அருகே எதிரி ஈரம். வார்ப்பிரும்பை ஊற்றும்போது 1,350 டிகிரிக்கு மேல் இருக்கும். உருகிய இரும்பை ஊற்றும் வாளியான லேடிலில் ஈரம் காயாமலோ, மழையில் நனைந்த ஸ்கிராப்பிலோ இருக்கும் தண்ணீர் ஒரு நொடியில் 1,600 மடங்குக்கு மேல் விரிந்து நீராவியாகி, உருகிய இரும்பைத் தூக்கி அடிக்கும். லேடிலைச் சூடாக்காமல் ஊற்றச் சொன்னால் மறுத்துவிடுங்கள். பாலியஸ்டர் பேன்ட் போட்டுப் போகாதீர்கள், உருகித் தோலோடு ஒட்டும், பருத்தி உடைதான்.

முன்னேற வழி மணலில் இருக்கிறது. பச்சை மணலில் (களிமண்ணும் தண்ணீரும் கலந்த வார்ப்பு மணலில்) ஈரம் 3 முதல் 4 சதவீதம். கூடினால் காஸ்டிங்கில் காற்றுக் குழி, குறைந்தால் மணல் உதிர்ந்து உள்ளே விழும். மணல் சோதனையும் உலையின் கலவைக் கணக்கும் தெரிந்த பையன் இரண்டு வருடத்தில் சூப்பர்வைசர் பக்கத்தில் நிற்பான். லேடில் தூக்குவதோடு நின்றால் முதுகு போகும் வரைக்கும்தான் வேலை.

பி.இ. மெக்கானிக்கல் முடித்து ஒரு வருடம் ஆகிறது. ஆபரேட்டர் வேலைதான் கிடைக்கிறது. போனால் படிப்பு வீண் என்கிறார் அப்பா.
- ஒரு பட்டதாரி, பொள்ளாச்சி

போங்கள். ஆனால் ஒரு வருடம் என்று மனதில் வரம்பு வைத்துக்கொண்டு போங்கள். மெஷினில் நின்ற பட்டதாரி சி.எம்.எம். (கம்ப்யூட்டர் அளவு மெஷின்) அளவை, ஃபிக்ஸ்சர் (ஜாப்பைப் பிடிக்கும் சாதனம்) டிசைன், பி.எல்.சி. (மெஷினை இயக்கும் கன்ட்ரோலர்) மெயின்டனன்ஸ் பக்கம் நகரும்போது, நேரே அங்கே சேர்ந்தவரைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார். 1945-இல் அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரில் பொறியியல் கல்லூரி அமையக் கைகொடுத்த கோவைத் தொழிலதிபர் ஜி.டி. நாயுடு, நாலு வருடப் படிப்பை இரண்டு வருடத்தில் பட்டறையோடு சேர்த்துச் சொல்லித் தரலாம் என்று வாதாடியவர். ஹோப் காலேஜ் பஸ் ஸ்டாப்பில் அந்தப் பெயர் இன்னும் நிற்கிறது. அப்பாவிடம் அதைச் சொல்லிப் பாருங்கள்.

தகட்டை அமுக்கி வெட்டும் பவர் பிரஸ்ஸில் தம்பியின் இரண்டு விரல் நசுங்கிவிட்டது. வேலைக்குச் சேர்ந்து பதினொரு நாள்தான் ஆகிறது. "இன்னும் ஈ.எஸ்.ஐ.யில் பதிவு செய்யவில்லை, ஆஸ்பத்திரி பில்லை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், வெளியில் சொல்ல வேண்டாம்" என்கிறது நிர்வாகம்.
- ஓர் அண்ணன், கோவை

அந்தப் பேச்சுக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். பில்லை இன்று கட்டுவார்கள். விரல் போன ஊனம் வாழ்நாள் முழுவதும் இருக்கும்.

பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலை ஈ.எஸ்.ஐ.க்குள் வரும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் உங்கள் தம்பிக்கு உரிமை உண்டு. வேலையில் பட்ட காயத்துக்கு 'இத்தனை நாள் பணம் கட்டியிருக்க வேண்டும்' என்ற நிபந்தனை கிடையாது; முதல் நாளிலிருந்தே செல்லும். பதிவு செய்யாதது நிர்வாகத்தின் தவறு. அதனால் தொழிலாளியின் உரிமை போகாது. குணமாகும் வரை கூலியில் 90 சதவீதம் வரும். நிரந்தர ஊனம் என்று மெடிக்கல் போர்டு சொன்னால், அந்த அளவுக்கு ஏற்ப மாதாமாதம் வாழ்நாள் முழுவதும் வரும்.

இப்போது செய்ய வேண்டியது: வேலைக்குச் சேர்ந்ததைக் காட்டும் எதையும் பத்திரப்படுத்துங்கள். கேட் என்ட்ரி, பஞ்சிங் கார்டு, வாட்ஸ்ஆப்பில் ஷிப்ட் போட்ட செய்தி, பக்கத்து மெஷின்காரரின் பெயர், எல்லாம். முதலில் காட்டிய ஆஸ்பத்திரியின் சீட்டில் 'வேலை செய்யும்போது பிரஸ்ஸில் பட்ட காயம்' என்று எழுதியிருக்கிறதா பாருங்கள்; 'வீட்டில் விழுந்தார்' என்று எழுத விடாதீர்கள். விபத்து அறிக்கையை, அதாவது படிவம் 12-ஐ, நிர்வாகம் ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்குத் தர வேண்டும். தராவிட்டால் நீங்களே எழுதிக் கொடுத்து, நகலில் தேதியோடு சீல் வாங்குங்கள். தொழிற்சாலைகள் ஆய்வாளருக்கும் ஒரு நகல் பதிவுத் தபாலில் போகட்டும்.

அந்த பிரஸ்ஸில் இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அமுக்கும் பட்டன் இருந்ததா, கால் மிதி மட்டுமா, வேகத்துக்காகப் பட்டனில் ஒன்றைக் கட்டிவைத்திருந்தார்களா என்பதைத் தம்பியிடம் கேட்டு, நினைவு மங்குவதற்குள் இன்றே எழுதிவையுங்கள். அதே பிரஸ்ஸில் நாளை வேறொரு பையன் உட்காருவான்.